பாட்டு கப்பலேறி வந்துவிடுகிறது, சிரிப்பு ஏன் துறைமுகத்திலேயே நின்றுவிடுகிறது?

சாட்ஸ்வொர்த் பேரன்

போன ஞாயிற்றுக்கிழமை டர்பனில் நல்ல மழை. மின்சாரம் இருந்தது, இணையம் இருந்தது, பதினேழு வயது மகளும் வீட்டில் இருந்தாள். மூன்றும் ஒரே பகலில் கூடிவருவது எங்கள் வீட்டில் கிரகணம் மாதிரி. சந்தர்ப்பத்தை விடக்கூடாது என்று, கவுண்டமணியும் செந்திலும் இரண்டு வாழைப்பழத்துக்காக மல்லுக்கட்டும் காட்சியைப் போட்டேன். எந்தக் காட்சி என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அவள் சப்டைட்டிலைக் கடைசி வரி வரைக்கும் கவனமாகப் படித்தாள். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "அப்பா, அப்படியானால் அந்த இன்னொரு பழம் எங்கே?" என்று கேட்டாள்.

கவுண்டமணி கேட்ட அதே கேள்வி. ஆனால் இவள் உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்.

விளக்கினேன். விளக்க விளக்க அது கணக்குப் பாடம் ஆகிவிட்டது. அவள் தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். அதே பெண் அன்று மாலை பாத்திரம் கழுவிக்கொண்டே அதே படத்துப் பாட்டை முணுமுணுத்தாள். 1989இல் இளையராஜா போட்ட மெட்டு. ஒரு சொல்லுக்குக்கூட அவளுக்குப் பொருள் தெரியாது, பாதிச் சொற்கள் அவளே உண்டாக்கிக்கொண்டவை, ஆனால் தாளம் பிசகவில்லை.

1860 நவம்பரில் நம் முன்னோரைக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து பாட்டு எப்படியோ நம்மிடம் வந்துகொண்டேதான் இருக்கிறது. இந்தியா 1946இல் தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்திய பிறகும் இசைத்தட்டுகள் யார் யார் பெட்டியிலோ வந்து சேர்ந்தன. சிரிப்பு மட்டும் ஏன் இறங்குவதில்லை?

(என் தமிழ் செய்தி வாசிப்பது போல இருக்கிறது என்று யாரும் தொடங்க வேண்டாம். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ். என்னிடம் வேறு தமிழ் கிடையாது.)

ஜோபர்க் ஒப்பந்தக்காரன்

அண்ணா, பிள்ளையின் மேல் பழி போடாதீர்கள். சப்டைட்டில்தான் குற்றவாளி.

நகைச்சுவையில் பாதி, பேசாமல் நிற்கும் அந்த அரை விநாடி. செந்தில் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு நிற்கும்போதே பதில் முழுவதும் திரையின் அடியில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. படிக்கிறவர் நடிகருக்கு முன்னாலேயே முடித்துவிடுகிறார். பிறகு செந்தில் வாய் திறப்பது வெறும் சடங்கு.

நான் திருநெல்வேலிக்காரன். ஆறு வருடமாக ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதுகிறேன். என்னோடு வேலை செய்யும் ஜூலு நண்பர் ஒருவருக்கு ஆசையாகத் தமிழ்ப் படம் ஒன்று காட்டினேன். படத்தில் ஒருவன் நண்பனை 'மச்சான்' என்கிறான். கீழே 'மனைவியின் சகோதரனே' என்று ஆங்கிலத்தில் ஓடுகிறது. அடுத்த காட்சியில் அதே ஆளை 'மாப்பிள்ளை' என்கிறான். 'மணமகனே' என்று வருகிறது. அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்த நண்பர் படத்தை நிறுத்தச் சொன்னார். "இந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் கல்யாணம்? அதை மட்டும் சொல்லிவிட்டு ஓடவிடு" என்றார்.

வடிவேலு இதற்கு விலக்கு. 2019 மே மாதம் நினைவிருக்கிறதா? ஒரு பொறியியல் பக்கத்தில் சுத்தியல் படம் போட்டு, இதற்கு உங்கள் நாட்டில் என்ன பெயர் என்று கேட்டார்கள். ஒரு தமிழர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழுந்த கதையை எழுதப்போக, நேசமணி பிழைக்க வேண்டும் என்று உலகமே பிரார்த்தனை செய்தது. தலையில் சுத்தியல் விழுந்தால் எல்லா மொழியிலும் வலிக்கும்.

தூனி ஆட்டக்காரன்

எங்கள் குடும்பப் பெயர் கோவெண்டர். கவுண்டர் என்பதைத்தான் கப்பல் எழுத்தர் அப்படி எழுதிவிட்டார் என்று என் தாத்தா சொல்வார். ஆகவே கவுண்டமணி எங்களுக்குப் பங்காளி முறை. பழ விஷயத்தில் தப்பு முழுவதும் செந்தில் மேல்.

டொங்காட் ஆசிரியை

தம்பி, உங்கள் தலைப்பே தவறு. சிரிப்பு கரும்புத் தோட்டத்து வேலைக்கு வந்தவர்களோடு சேர்ந்தே இறங்கியது. தெருக்கூத்தில் கோமாளி இல்லாமல் கூத்து உண்டா? இந்த நாட்டில் நாம் அதற்கு வைத்த பெயர்தான் வேடிக்கை: 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்'. அப்படிச் சொன்னால்தான் என் பேரப்பிள்ளைகளுக்குப் புரியும்.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். சர்க்கரை ஆலைக் குடியிருப்பில் பாரதக் கூத்து. நள்ளிரவு தாண்டிவிட்டது. துரியோதனன் நடுவில் நின்று கர்ஜிக்கிறார். கோமாளியோ ஓரத்தில் உட்கார்ந்து பீடியை வாயில் வைத்துக்கொண்டு மடியில் தீப்பெட்டி தேடுகிறார். தேடுகிறார், தேடுகிறார், துரியோதனன் கர்ஜனை முடிகிற வரைக்கும் தேடுகிறார். பிறகு எழுந்து நேரே முன்வரிசைக்குப் போனார். அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் எங்கள் தோட்டத்து சர்தார், அதாவது கங்காணி. எல்லோரையும் அதட்டுகிறவர். கோமாளி கும்பிட்டுவிட்டு, "ஐயா, இந்தச் சபையில் நெருப்பு உங்கள் வாயில் மட்டும்தான் இருக்கிறது, கொஞ்சம் கொடுங்கள்" என்றார். என் அப்பா அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மறுநாள் காலை வேலைக்குப் போய் அதே சர்தாரின் முன் கைகட்டி நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இனி தொலைக்காட்சிக்கு வருகிறேன். உலகமெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் இங்கே வந்தது, 1976 ஜனவரி 5. சாத்தானின் பெட்டி என்று அதை வைத ஹெர்ட்சோக் என்ற அமைச்சர் பல வருடம் வாசலில் குறுக்கே படுத்திருந்தார். 1969இல் மனிதன் நிலாவில் இறங்கியதைக்கூட நாம் வீட்டில் உட்கார்ந்து பார்க்கவில்லை. வந்தபோதும் ஆங்கிலமும் ஆப்பிரிக்கான்ஸும்தான். பிரிட்டிஷ் நடிகர் சங்கம் நிறவெறி நாட்டுக்கு நிகழ்ச்சி விற்கக் கூடாது என்று தடை போட்டிருந்ததால் அமெரிக்கத் தொடர்கள் குவிந்தன. அவற்றை ஆப்பிரிக்கான்ஸில் குரல் மாற்றிக் காட்டுவார்கள். ஆங்கில மூலக் குரல் வேண்டுமானால் அதே நேரத்தில் வானொலியில் கேட்டுக்கொள்ளலாம். பெட்டியின் ஒலியை அடைத்துவிட்டு, குளிர்ப்பெட்டியின் மேல் இருக்கும் வானொலியைத் திருப்புவோம். படம் கூடத்தில், குரல் சமையலறையில். என் மாமியாருக்கு ஆங்கிலமும் அரைகுறை. ஆனாலும் எல்லோரும் சிரிக்கும்போது அவரும் விழுந்து விழுந்து சிரிப்பார், குளிர்ப்பெட்டியைப் பார்த்து.

படம் ஒரு மொழி, குரல் ஒரு மொழி, வீட்டில் பேச்சு ஒரு மொழி. இந்தப் பயிற்சி நமக்கு நாற்பது வருடப் பழக்கம். சப்டைட்டில் கெடுத்துவிட்டது என்று ஜோபர்க் தம்பி சொல்வதை நான் பாதிதான் ஏற்கிறேன்.

லெனேசியா இளையவள்

டீச்சர், குளிர்ப்பெட்டியைப் பார்த்துச் சிரித்த உங்கள் மாமியாருக்கு என் வணக்கம்.

ஆனால் பேரன் அண்ணா கேட்பது வேறு என்று நினைக்கிறேன். சென்னையிலிருந்து வரும் சிரிப்பு மட்டும்தான் தமிழ்ச் சிரிப்பா? சாட்ஸ்வொர்த்தில் எதிரும் புதிருமாக இருக்கும் இரண்டு வீட்டுக்காரிகளை வைத்து 2017இல் ஜயன் மூட்லி கந்தசாமி குடும்பப் படத்தை எடுத்தார். 2023க்குள் நான்கு படம் ஆகிவிட்டது. அதில் வசனம் ஆங்கிலம், பெருமூச்சு தமிழ். மகன் யாரைக் காதலிக்கிறான் என்று தெரிந்ததும் தாய் ஒரு வார்த்தை பேசாமல் மூச்சு இழுப்பாள் பாருங்கள், அதற்கு இந்த நாட்டில் எந்தத் தமிழ் வீட்டிலும் விளக்கம் தேவையில்லை. என் ஆயா வாழைப்பழக் காட்சிக்குச் சிரித்ததில்லை. இதற்குக் கண்ணீர் வரும்வரை சிரித்தார்.

(மூட்லியும் முதலியார்தான். தூனி அண்ணன் உறவு கொண்டாடுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.)

மாரிட்ஸ்பர்க் மருந்துக்கடை

அந்தப் படங்களில் எல்லோரும் கத்துகிறார்கள். நாம் அப்படியா கத்துகிறோம்?

தூனி ஆட்டக்காரன்

ஆமாம்.

மாரிட்ஸ்பர்க் மருந்துக்கடை

சரி, அதை விடுங்கள். எல்லோரும் 'பாட்டு வந்துவிடுகிறது' என்று ஒப்புக்கொண்டு மேலே போய்விட்டீர்கள். எந்தப் பாட்டு வருகிறது என்று யாராவது பார்த்தீர்களா?

கடையில் பாட்டு ஓடவிடுவதற்கு மாதக் கட்டணம் கட்டி ஒரு செயலி வைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம். தமிழ்ப் பாட்டு ஒன்று போட்டேன், வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதும் சரி. நான்காவது பாட்டில் அது தானாகப் பஞ்சாபிக் கல்யாணத்துக்குப் போய்விட்டது. திருப்பிக் கொண்டுவந்தேன். மறுபடியும் போய்விட்டது. இரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்த பாட்டி ஒருவர், "கடை கைமாறிவிட்டதா?" என்று கேட்டார். 1996 அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவில் இந்தியும் தமிழும் தனித்தனியாக, பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. அரசியல் சட்டத்துக்குத் தெரிந்த வேறுபாடு இந்தச் செயலிக்குத் தெரியவில்லை.

1983இல் இந்த நாட்டு இந்தியர்களுக்காகத் தொடங்கிய ரேடியோ லோட்டஸை நினைத்துப்பாருங்கள். இந்திக்குத்தான் அங்கேயும் நேரம் அதிகம், அந்தச் சண்டையை இங்கே கிளப்பவில்லை. ஆனால் ஒலிவாங்கிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். தைப்பூசக் காவடி நெருங்கினால் டி.எம்.எஸ். முருகன் பாட்டு வரும். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வாரம் எல்.ஆர்.ஈஸ்வரி வருவார். ஆடி என்று ஒரு மாதம் இருப்பதே என் செயலிக்குத் தெரியாது. அது எனக்கு டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டு கொடுக்கிறது.

மனிதர்களும் புத்தி கெட்டுப் போவார்கள் என்பது வேறு. 2016இல் அரசு ஒலிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசி தன் பதினெட்டு வானொலிகளிலும் நூற்றுக்கு 90 பங்கு உள்ளூர் இசைதான் என்று உத்தரவு போட்டதே. கேட்க நல்ல எண்ணம். ஆனால் இந்த நாட்டிலேயே பதிவான தமிழ்ப் பாட்டு எவ்வளவு இருக்கிறது? அடுத்த வருடமே கைவிட்டார்கள். அதற்குள் என் கடைக்கு எதிரே இருந்த துணிக்கடைக்காரர் வானொலியை அணைத்துவிட்டுப் பழைய கேசட்டுக்குத் திரும்பிவிட்டார்.

ஜோபர்க் ஒப்பந்தக்காரன்

ஐயா, அந்தச் செயலி உங்கள் மேல் பகை வைத்துச் செய்யவில்லை. இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் அடுத்து எதைக் கேட்டார்கள் என்று எண்ணிப்பார்த்துத்தான் அது அடுத்ததைத் தேர்ந்தெடுக்கிறது. நம் வீடுகளில் அம்மாவுக்குத் தமிழ், மருமகளுக்கு இந்தி, எல்லாம் ஒரே கணக்கில் ஓடுகிறது. அது உங்களைக் கேட்கவில்லை, தெருவைக் கேட்கிறது. தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்து தேடுங்கள், பாடல்களை நீங்களே பட்டியலாகச் சேமித்து அதை மட்டும் ஓடவிடுங்கள், அந்தத் தானியங்கித் தொடர்ச்சியை நிறுத்திவையுங்கள். பஞ்சாபிக்காரர்கள் வரமாட்டார்கள்.

நிறுவனங்கள் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன், எனக்கு இதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. 1915இல் ஆப்பிரிக்கானர் தேசியவாதிகள் பத்திரிகை நடத்துவதற்காகத் தொடங்கியது நாஸ்பர்ஸ். நிறவெறிக் காலத்தில் ஆளுங்கட்சிக்கு ஊதுகுழலாக இருந்த வீடு. 2015இல் அதன் பத்திரிகைப் பிரிவு அதற்காக மன்னிப்புக் கேட்டது. அந்த வீட்டிலிருந்துதான் கட்டணத் தொலைக்காட்சியான எம்-நெட் வந்தது, செயற்கைக்கோள் வழி டிஎஸ்டிவி வந்தது. அதாவது சன் டிவி டர்பன் கூடத்துக்குள் நுழைந்ததே அவர்கள் போட்ட கிண்ண ஆன்டெனா வழியாக. 2001இல் சுமார் 32 மில்லியன் டாலருக்கு டென்சென்ட் என்ற சீன நிறுவனத்தில் 46.5 சதவீதப் பங்கு வாங்கினார்கள். அது மலையாக வளர்ந்தது. அந்தப் பணம் புரோசஸ் என்ற பெயரில் ஸ்விகிக்குப் போனது. சென்னையில் என் தங்கை இரவு பத்து மணிக்கு இட்லி வரவழைக்கிறாள் என்றால், அந்தப் பொட்டலத்தில் கேப் டவுன் முதலாளிக்கும் கொஞ்சம் சட்னி உண்டு. தோட்டத்து சர்தாரிடம் நெருப்பு கேட்ட டீச்சரின் கோமாளிதான் இதற்குச் சரியான ஆள்.

டிஎஸ்டிவி இப்போது அவர்கள் கையில் இல்லை. 2019இல் அதை நடத்தும் மல்டிசாய்ஸைப் பிரித்துவிட்டார்கள், 2025இல் பிரெஞ்சுக்காரர்களின் கனால் பிளஸ் வாங்கிவிட்டது. சன் டிவி நெடுந்தொடரில் மருமகள் அழுதால் இனிப் பாரிஸில் கணக்கு எழுதுவார்கள்.

லெனேசியா இளையவள்

நிறுவனம் என்றால் எனக்குக் கைபேசி அரட்டைச் செயலி மிக்சிட்தான். ஸ்டெல்லன்போஷில் உருவானது. 2015இல் மூடிவிட்டார்கள். எஸ்எம்எஸ் விலை யானை விலையாக இருந்த காலத்தில் சில சென்ட்டுக்கு இரவெல்லாம் பேசலாம். அதில் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்தில் 'அக்கா' என்று அனுப்பினால், ஒரு 'கே' எழுத்து குறைந்து 'அகா' ஆகிவிடும். என் அக்காவை இன்றும் வீட்டில் அகா என்றுதான் கூப்பிடுகிறோம்.

இன்னொன்று. இந்த நாட்டின் மிகச் சிறந்த சிலேடை எந்த நகைச்சுவையாளரும் சொன்னதில்லை, ஒரு செயலியின் பெயர்: எஸ்கொம்செபுஷ். எஸ்கொம் என்பது இங்கே மின்சார நிறுவனம். மின்வெட்டு நேரம் சொல்வதற்கு இரண்டு பேர் 2014இல் செய்தது. 2023இல் ஆறாம் கட்ட மின்வெட்டின்போது பஞ்சாங்கம் பார்ப்பதுபோல என் அப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான் அரிசி களைவார். பெயரில் ஒளிந்திருக்கும் ஆப்பிரிக்கான்ஸ் வசவை டீச்சர் கேட்க வேண்டாம்.

டொங்காட் ஆசிரியை

எனக்குத் தெரியும் கண்ணே. முப்பத்தொரு வருடம் வகுப்பறையில் இருந்திருக்கிறேன்.

மாரிட்ஸ்பர்க் மருந்துக்கடை

பாட்டைப் பற்றி இன்னும் ஒன்று. 2011இல் தனுஷ் பாடிய 'கொலைவெறி' வந்தபோது இங்கே பிள்ளைகள் எல்லோரும் பாடினார்கள், தமிழ் திரும்பிவிட்டது என்று நாமும் மகிழ்ந்தோம். பாட்டில் பாதிக்கு மேல் ஆங்கிலம். அது திரும்பி வந்தது என்ன தமிழ்?

லெனேசியா இளையவள்

ஐயா, என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு தமிழ்ப் பாட்டின் நகைச்சுவை எனக்கு உடனே புரிந்தது. காதலில் தோற்றவன் உடைந்த ஆங்கிலத்தில் புலம்புகிறான்! அந்த உடைந்த ஆங்கிலம் எங்கள் தாத்தா பேசியது, கடைத்தெருவில் நாங்கள் கேட்டு வளர்ந்தது. நாங்கள் அந்நியமாக உணராத பாட்டு அது ஒன்றுதான். உங்களுக்கு இனிக்கவில்லை என்றால் டி.எம்.எஸ்.ஐப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே தொலைபேசியில் இருக்கலாம். என்னுடையதில் டர்பன் பையன்களின் க்கோம் இசையும் இருக்கிறது, அனிருத்தும் இருக்கிறார், சண்டை எதுவும் இல்லை.

டொங்காட் ஆசிரியை

இதில் நான் பெண்ணின் பக்கம். கோமாளி எந்தக் காலத்தில் தூய தமிழ் பேசினார்? எங்கள் கூத்தில் அவர் ஜூலுவும் கலந்துதான் பேசினார். ராஜாதான் செந்தமிழ் பேசுவார். ராஜாவைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

சாட்ஸ்வொர்த் பேரன்

இரண்டு நாள் உள்ளே வராமல் இருந்துவிட்டேன், இழை எங்கேயோ போய்விட்டது. பரவாயில்லை.

ஜோபர்க் தம்பி சொன்னதைச் சோதித்துப் பார்த்தேன். நேற்று இரவு சப்டைட்டிலை எடுத்துவிட்டேன், டீச்சர் வீட்டுப் பழக்கப்படி ஒலியையும் அடைத்துவிட்டேன். வடிவேலு, வெறும் முகம். அடி வாங்கியவர் எழுந்து, ஒன்றும் நடக்காததுபோலச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பாரே, அந்த இடம். மகள் 'களுக்' என்று சிரித்துவிட்டாள். "இது நம் பெரியப்பா" என்றாள்.

எங்கள் அண்ணன் அப்படித்தான். போன வருடம் கல்யாண மண்டபத்து வாசலில் வேட்டி தடுக்கி விழுந்தபோது அச்சாக அதே தட்டு, அதே ஓரக்கண். நான் அவரோடு ஐம்பது வருடமாகப் பழகுகிறேன், எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு ஒலியைத் திறக்கச் சொன்னாள். என்ன பேசுகிறார் என்று தெரிய வேண்டுமாம். மூன்று இடத்தில் நிறுத்தி அர்த்தம் கேட்டாள். மூன்றில் ஒன்று எனக்கே தெரியவில்லை, மதுரைச் சொல் போலிருக்கிறது. ஜோபர்க் தம்பிக்குத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். பொது இடத்தில் கேட்கக்கூடிய சொல்லா என்று எனக்குச் சந்தேகம்.

வாழைப்பழத்துக்கு மட்டும் இன்னும் சிரிக்கவில்லை. அந்த இன்னொரு பழத்தைச் செந்தில் தின்றுவிட்டான், அதை ஒப்புக்கொண்டிருந்தால் சண்டையே வந்திருக்காது என்கிறாள்.

தூனி ஆட்டக்காரன்

நான் முதலிலேயே சொன்னேன்.

டொங்காட் ஆசிரியை

தம்பி, அந்தப் பிள்ளையைக் கூத்துக்கு அழைத்து வாருங்கள். எங்கள் பக்கம் இப்போது அபூர்வம்தான், ஆனால் ஆடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாள் குறித்ததும் இங்கே எழுதுகிறேன். இரவு பத்துக்குத் தொடங்கினால் விடிந்துவிடும், போர்வையும் தேநீரும் கொண்டு வாருங்கள். கோமாளி முன்வரிசைக்காரர்களைச் சும்மா விடமாட்டார், ஆகவே இரண்டாம் வரிசையில் உட்காருங்கள்.

தூனி ஆட்டக்காரன்

முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுவையுங்கள் டீச்சர். கவுண்டமணியின் பங்காளி வருகிறார் என்று கோமாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாழைப்பழம் நான் கொண்டுவருகிறேன்.

டொங்காட் ஆசிரியை

எத்தனை?